பழைய 35, 1035 டிராக்டர்கள்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

காவிரிப் படுகையில் மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ களத்துமேட்டிலோ தார்ப்பாய் போர்த்திய பழைய மாஸி பெர்குசன் ஒன்று நிற்காத ஊர் குறைவு. 35 மாடல் இங்கிலாந்தில் 1957-இல் அந்தப் பெயருடன் வந்தது. முதலில் அதில் இருந்த நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின் குளிரில் கிளம்ப அடம்பிடித்ததால், 1959 கடைசியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்தார்கள். 1960-இல் சென்னையில் டிராக்டர் செய்யும் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் வகை இன்ஜின்களை உரிமம் பெற்று அதே ஊரில் செய்தது. நம் 1035 அந்த வழியில் வந்தது. எனவே 35-க்குப் பொருந்தும் வைத்தியம் பெரும்பாலும் 1035-க்கும் பொருந்தும்.

இப்படி நிற்கும் வண்டியை மறுபடி ஓட்ட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: அந்த வண்டியை ஓட்டியவர் உயிரோடு இருந்தால் அவரை வரவழையுங்கள். உரிமையாளரை விட ஓட்டுநருக்குத்தான் வண்டி தெரியும். சேறடிப்பு நாட்களில் விடிவதற்கு முன் ஏறி விளக்கு வைத்த பிறகு இறங்கியவர் அவர். பழைய கதை பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் அதில் பழுதைத் தேடுங்கள்.

“எப்போதும் வாய்க்கால் கரைச் சரிவில்தான் நிறுத்துவோம்” என்றால், வண்டி ஓய்வதற்கு முன்பே பேட்டரியோ செல்ஃப் மோட்டாரோ படுத்துவிட்டது. “மார்கழிக் காலையில் ஏர் கிளீனர் குழாய் வாயில் தீப்பந்தம் காட்டிக் கிளப்புவோம்” என்றால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) அப்போதே குறைந்திருக்கிறது. “ரேடியேட்டருக்கு நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவோம்” என்றால் ஹெட் கேஸ்கட்டையும் வாட்டர் பம்பையும் சந்தேகியுங்கள். கடைசியாக என்ன வேலை செய்தது, எந்தப் பாகத்தை யார் கழற்றினார், வண்டி தானாக நின்றதா அல்லது நன்றாக ஓடும்போதே நிறுத்திவைத்தார்களா என்று கேளுங்கள். நன்றாக ஓடும்போது நிறுத்திய வண்டி என்றால் பாதி வேலை குறைந்தது. நின்றதனால் வந்த கோளாறுகளை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சாவி வேலை செய்யவில்லை என்று தரையில் நின்றபடி ஸ்குரூடிரைவரால் செல்ஃப் மோட்டார் முனைகளை இணைத்துக் கிளப்பாதீர்கள். கியரில் கிடந்தால் வண்டி பாய்ந்து, பின் சக்கரம் உங்கள் மேல் ஏறிவிடும். டிராக்டர் சாவுகளில் இது ஒரு பழைய காரணம். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், கலப்பையைத் தூக்கும் லிப்டை இறக்கிவையுங்கள், இருக்கையில் உட்கார்ந்து கிளப்புங்கள்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

கியரின் வேக வரம்பை மாற்றும் ஹை-லோ லீவர் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 35-இல் அது நடுவில் இருந்தால்தான் செல்ஃபுக்கு மின்சாரம் போகும். வாங்கியவர் பலருக்கு இது தெரியாமல் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சில வண்டிகளில் யாரோ அந்தப் பாதுகாப்பு ஸ்விட்சை நீக்கி வயரை நேராக இணைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் முதல் வேலையாக அதைத் திரும்பப் போடுங்கள்.

“டக்” என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் என்ற வரிசையில் போங்கள். எர்த் வயர் வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் துருவும் பெயின்டும் ஏறியிருக்கும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி இறுக்கினாலே பல வண்டிகள் சுற்றிவிடும். டைனமோ வைத்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருந்தது. பின்னால் ஆல்டர்னேட்டர் மாற்றியவர்கள் அதை நெகட்டிவ் எர்த் ஆக்கியிருப்பார்கள். புதுப் பேட்டரி மாட்டுவதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினே இறுகிக் கிடக்கலாம். பேன் பெல்டைப் பிடித்து இழுத்தோ, கிராங்க் புல்லி நட்டில் பெரிய ஸ்பேனர் போட்டோ கையால் சுற்றிப்பாருங்கள். நகரவில்லை என்றால் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் மூன்று நாசில்களையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசையுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிஸ்டன் ரிங் உடையும்.

நன்றாகச் சுற்றுகிறது, புகையே வரவில்லை

சைலன்சரைப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போது புகை கொஞ்சமும் இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. ஸ்டாப் பட்டனை யாரோ இழுத்தபடி விட்டிருக்கலாம். அதன் கம்பி துருப்பிடித்து, பட்டனை உள்ளே தள்ளியும் பம்பில் இருக்கும் லீவர் திரும்பாமல் இருக்கலாம். அது சரியாக இருந்தால் பெரும்பாலும் ஏர் பிடித்திருக்கிறது, அதாவது டீசல் வழியில் காற்று புகுந்திருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் இது நிச்சயம் இருக்கும்.

ஏர் எடுக்கும் முறையை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் சரியாகச் செய்யாமல்தான் நல்ல பம்புகளைக் கழற்றிக் கெடுக்கிறார்கள். டேங்கில் பாதிக்கு மேல் புது டீசல் ஊற்றுங்கள். பழைய டீசலை வடித்துவிடுங்கள். அடியில் தண்ணீரும் வழுவழுப்பான கறுப்புக் கசடும் நிற்கும். பில்டரைப் புதிதாக மாற்றுங்கள். டேங்க் குழாயைத் திறங்கள்.

பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு, பீட் பம்பின் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) கை லீவரை மேலும் கீழும் ஆட்டுங்கள். முதலில் நுரை வரும், பிறகு விட்டுவிட்டுக் குமிழி வரும், பிறகு கண்ணாடிக் கம்பி போல டீசல் ஒரே சீராக வழியும். அப்போது லீவரை ஆட்டிக்கொண்டே ஸ்குரூவை மூடுங்கள். லீவரில் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கேம் உச்சியில் நின்றிருக்கிறது; இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி ஆட்டினால் பிடிப்பு வந்துவிடும்.

அடுத்தது டீசல் பம்ப். ரோட்டரி பம்ப் என்றால் அதில் இரண்டு ஏர் ஸ்குரூ உண்டு; பம்பின் பக்கவாட்டில் ஒன்று, மேலே கவர்னர் மூடியில் ஒன்று. இரண்டையும் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை லீவர் ஆட்டி, முதலில் பக்கவாட்டில் இருப்பதையும் பிறகு மேலே இருப்பதையும் மூடுங்கள். கடைசியாக நாசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை நாசில் முனையில் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து, செல்ஃப் அடியுங்கள். ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் விரலை அருகில் கொண்டுபோக வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏர் எடுத்ததும் ஓடி, மறுநாள் காலை மறுபடி ஏர் பிடித்தால் எங்கோ காற்று புகுகிறது. செம்பு வாஷர்களை மாற்றுங்கள், டேங்கிலிருந்து பீட் பம்ப் வரையுள்ள குழாயில் வெடிப்பு பாருங்கள். டீசல் வெளியே ஒழுகாத இடத்திலும் காற்று உள்ளே போகும்.

வெள்ளைப் புகை வருகிறது, பிடிக்கவில்லை

டீசல் போகிறது, எரியவில்லை. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா? மெதுவாகச் சுற்றினால் சூடு போதாது, பேட்டரியைப் பாருங்கள். வேகம் இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஓட்டியவரின் தீப்பந்தக் கதை நினைவுக்கு வரட்டும். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள சந்து) சரிபாருங்கள். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டருக்கு ஆறிய நிலையில் 0.30 மி.மீ., சூட்டில் 0.25 மி.மீ. உங்கள் வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதைச் செய்யுங்கள். வால்வு ஒன்று துருவில் ஒட்டித் திறந்தபடி நின்றிருக்கலாம். வால்வு மூடியைக் கழற்றி இன்ஜினைச் சுற்றினால் எது எழும்பி இறங்காமல் நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

பம்பை யாராவது கழற்றிப் பூட்டியிருந்தால் டைமிங் (டீசல் பீய்ச்சும் நேரம்) தவறியிருக்கலாம். இதற்கும் பழைய ஓட்டுநரின் நினைவுதான் துணை. “பம்ப் கடையிலிருந்து வந்த பிறகு சத்தம் மாறிவிட்டது” என்று அவர் சொன்னால் அந்த வார்த்தையை நம்பி டைமிங் குறியைப் பாருங்கள். கிளம்பி, சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

கிளம்புவதற்காக ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. காற்றுக்குழாயில் ஹீட்டர் உள்ள வண்டியில் அது வெடிக்கும். கூடவே கூடாது.

அரைமணி ஓடுகிறது, அணைந்துவிடுகிறது, ஆறியதும் மறுபடி ஓடுகிறது

டேங்க் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டிப்பாருங்கள். அணையவில்லை என்றால் மூடியில் இருக்கும் சிறு காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தினால் தீர்ந்தது. அப்படியும் அணைந்தால் டேங்கின் உள்ளே பெயர்ந்த துருச் செதில், குழாய் வாயிலுள்ள சல்லடையில் போய் அப்பிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் செதில் விலகி விழும்; அதனால்தான் மறுபடி ஓடுகிறது. டேங்கை இறக்கிக் கழுவுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கறுப்புப் புகை, நீலப் புகை

கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். குறி வரை சுத்தமான ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் சேறாக உறைந்த தூசி இருக்கும். நாசில் ஒழுகினாலும் கறுப்புப் புகை வரும். எந்த நாசில் என்று அறிய, இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு குழாய் நட்டையும் துணி சுற்றி ஒருமுறை தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தால் ரிங், லைனர் வேலை. ஏர் கிளீனர் கிண்ணத்தில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும்.

ஆயில் குறையவில்லை, கூடுகிறது

இதைப் பல பேர் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். உடனே வண்டியை நிறுத்த வேண்டிய அறிகுறி இது. டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டைப் பழைய செய்தித்தாளில் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். நல்ல ஆயில் கறுப்புப் பொட்டாக நிற்கும். டீசல் கலந்திருந்தால் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று அகலமாகப் பரவும். முகர்ந்தால் டீசல் வாடை வரும். பீட் பம்பின் ரப்பர் டயாபிரம் கிழிந்தோ, ரோட்டரி பம்பின் தண்டு சீல் போயோ டீசல் கீழே இறங்குகிறது. முதலில் பீட் பம்பைப் பாருங்கள். அது மலிவு, மாற்றுவதும் எளிது.

இதை விட்டுவைத்தால் பேரிங் தேயும். அதைவிடப் பெரிய ஆபத்து, நீர்த்துப்போன ஆயிலையே இழுத்து எரித்து இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுப்பது. அப்போது ஸ்டாப் பட்டன் பயன்படாது. காற்றுக்குழாய் வாயைப் பலகையாலோ தடித்த சாக்காலோ அடைக்க வேண்டும், கையால் அல்ல. இருக்கையில் இருந்தால் உயர் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு அணைக்கலாம்.

ஆயிலின் நிறம் வெளுத்துப் பால் கலந்தாற்போல் இருந்தால் அது தண்ணீர். ஹெட் கேஸ்கட் மாற்றாமல் கிளப்ப வேண்டாம்.

கொதிக்கிறது

அறுவடை இயந்திரங்கள் வருவதற்கு முன் படுகையில் டிராக்டருக்கு உழவை விடக் கடினமான வேலை போரடிதான். அடித்துப் போட்ட வைக்கோலைக் களத்தில் வட்டமாகப் பரப்பி, அதன் மேல் வண்டியைச் சுற்றிச்சுற்றி விட்டு மீதி நெல்லை உதிர்ப்பார்கள். காற்று வராத மெதுவான ஓட்டம், மேலே வெயில், சுற்றிலும் பதரும் தூசியும். அந்த நாட்களை நினைவுகூரும் ஓட்டுநர்கள் எல்லோரும் ரேடியேட்டருக்கு முன் கட்டிய கொசுவலைத் துணியையோ ஈரச் சாக்கையோ சொல்கிறார்கள். சில சுற்றுக்கு ஒருமுறை இறங்கி அதை உதறியதைச் சொல்கிறார்கள். அப்படி உதறாமல் விட்ட பதர் இன்றும் உங்கள் ரேடியேட்டரின் இடுக்கில் இருக்கிறது. முன்பக்கம் சுத்தமாகத் தெரியும். பின்னாலிருந்து விளக்கடித்துப் பாருங்கள், ஒளி ஊடுருவாது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பிசின் போல ஒட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தகடுகளை வளைக்கும் அளவுக்கு அழுத்தம் வேண்டாம்.

அதன் பிறகு பேன் பெல்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட். போர்வெல் தண்ணீரின் உப்பு இன்ஜினுக்குள் பாறையாகப் படிந்திருக்கும். வடித்து, உப்பு நீக்கும் மருந்து ஊற்றி ஓடவிட்டு, நன்றாக அலசி, இனிமேல் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்து ஓட்டும்போது தண்ணீரில் தொடர்ந்து குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கட். கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறக்காதீர்கள். வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றவும் செய்யாதீர்கள், பிளாக் வெடித்துவிடும்.

லிப்ட் தூக்கவில்லை, தலையாட்டுகிறது, ஆழம் ஒரே சீராக இல்லை

இந்த வண்டிகளின் உயிரே இங்குதான் இருக்கிறது. கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுக்காமல், மூன்று இணைப்புகளால் வண்டியோடு ஒன்றாக்கி, மண்ணின் எதிர்ப்பை மேல் இணைப்பான டாப் லிங்க் வழியாக உணர்ந்து ஆழத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாடு ஹாரி பெர்குசன் 1920-களில் கண்டுபிடித்தது. அதைப் புரிந்துகொண்டால் கோளாறும் புரியும்.

தூக்கவே இல்லை என்றால் லீவர்களைப் பாருங்கள். பொசிஷன் லீவரால் (கலப்பையின் உயரத்தை வைப்பது) வேலை செய்ய டிராப்ட் லீவர் (மண்ணின் எதிர்ப்புக்கேற்ப ஆழத்தை வைப்பது) மேலே இருக்க வேண்டும்; அது கீழே கிடந்ததால் கெட்டதாக ஒதுக்கப்பட்ட வண்டிகள் உண்டு. கிளட்சை முழுதாக மிதித்தால் ஹைட்ராலிக் பம்பும் நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது ஆயில். கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான்; வலப்பக்க மூடியில் டிப்ஸ்டிக் இருக்கிறது. கேஜ் வீல் (சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொழியில் அச்சளவு இறங்கி உழுத வண்டியில் சீல்கள் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கும். ஒரு இரவு அசையாமல் நிறுத்தி, காலையில் அடியிலுள்ள வடிகால் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, முதலில் அதுதான் வரும். எவ்வளவு வருகிறது என்பதை வைத்து உள்ளே பம்ப் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். கொஞ்சம் என்றால் ஆயிலை மாற்றி, சல்லடையைக் கழுவிப் பாருங்கள். வாளிக்கணக்கில் வந்தால் பம்பைக் கழற்றத்தான் வேண்டும்.

தூக்கிய கலப்பை நிற்கும்போது சிறிது இறங்குவதும் மறுபடி எழுவதுமாகத் தலையாட்டினால், தூக்கி வைத்த ஆயில் எங்கோ கசிகிறது. லிப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங், இணைப்புக் குழாய் ரப்பர்கள், வால்வு என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தியதும் கலப்பை சட்டென்று தரையில் உட்கார்ந்தால் அதே கசிவு முற்றியிருக்கிறது. கலப்பை தூக்கியிருக்கும்போது அடியில் போகாதீர்கள். கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஆழம் மாறிக்கொண்டே இருந்தால் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த ஆட்டத்தின் அளவுக்கு மண் சொல்லும் செய்தி வால்வுக்குப் போய்ச் சேரவில்லை. டாப் லிங்க் முனைப் பந்துகள் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

கிளட்ச் மிதித்தும் கியர் விழவில்லை

பிளேட் பிளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கிறது. உடனே வண்டியைப் பிளக்க வேண்டாம். திறந்த வயலில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், கிளட்சை மிதித்தபடி உயர் கியரில் உருட்டிக் கிளப்பி (ஹை-லோ லீவர் நடுவில் இல்லாதபோது செல்ஃப் சுற்றாது), ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுக் கொடுத்து, பிரேக்கையும் தொட்டுத்தொட்டு மிதியுங்கள். பெரும்பாலும் விடுபடும். இனி நெடுநாள் நிறுத்தும்போது பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள். முன்பு நல்ல ஓட்டுநர்கள் மழைக்காலத்தில் தவறாமல் செய்தது இது.

முன் சக்கரம் எழும்புகிறது

சேற்றில் கேஜ் வீல் புதைந்து சுற்றாமல் நின்றால், இன்ஜின் தன் முழு பலத்தோடு வண்டியின் உடம்பையே அச்சைச் சுற்றிப் புரட்டப் பார்க்கும். சக்கரத்தின் குறுக்கே மரக்கட்டை கட்டி வெளியேற்றப் பார்ப்பது இன்னும் மோசம், கணநேரத்தில் மல்லாந்துவிடும். இந்த வண்டிகளில் ஓட்டுநர் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் கிடையாது. முன்னே போகப் பார்க்காதீர்கள். கலப்பையை இறக்கிக் கழற்றி, சக்கரத்துக்குப் பின்னால் மண் வெட்டி, பின்னோக்கி எடுங்கள். வராவிட்டால் வேறொரு வண்டியை வைத்து இழுங்கள். இழுவைச் சங்கிலியைக் கீழேயுள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும், டாப் லிங்கிலோ அச்சிலோ ஒருபோதும் கூடாது.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

இரண்டு பெடலும் வயலில் தனித்தனி, சாலையில் ஒன்று. இரண்டையும் சேர்க்கும் கொக்கி இல்லாமல் சாலைக்குப் போகக் கூடாது. கொக்கி மாட்டியும் இழுத்தால், பிடிக்காத பக்கத்து டிரம்மைக் கழற்றுங்கள். பின்னச்சு ஆயில் சீல் கசிந்து ஷூ நனைந்திருக்கும். ஷூவை மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்தால் பிடிப்பும் சமமாக இருக்கும்.